"இன்றேல், ஏன்?" – அமைச்சரிடம் கேட்கும் கேள்வியை எழுதுவது எப்படி

இலங்கைப் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தை, அதாவது அன்றன்றைய அலுவல் பட்டியலை எடுத்து, வாய்மூல விடைக்கான வினாக்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கட்சி எம்.பி. கேட்டாலும், எந்த அமைச்சரிடம் கேட்டாலும் கடைசி வரி பெரும்பாலும் இதுதான்: "இன்றேல், ஏன்?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இரண்டு சொல்லையும் அடியில் போட்டுவிட்டால் கேள்வி தயார் என்று நினைத்திருந்தேன்.

எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். இடையில் அவர், எங்கள் வாயில் "சேர்", கொஞ்சக் காலம் ஆளும் கட்சிப் பக்கமும் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் எனக்கு வேலையே இருக்கவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இப்போது வருடா வருடம் ஒன்றிரண்டு பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்தை வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் எழுதிய முதல் கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம்:

"தோட்டத் தொழிலாளர்கள் வறுமையில் வாடுவதையும் அரசாங்கம் அவர்களைத் தொடர்ந்து புறக்கணித்து வருவதையும் அமைச்சர் அறிவாரா? அவர்களுக்கு நியாயமான சம்பளம் பெற்றுக்கொடுக்க நடவடிக்கை எடுப்பாரா? இன்றேல், ஏன்?"

எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். "புறக்கணித்து" என்ற சொல் வழியிலேயே வெட்டுப்பட்டது. மிச்சத்துக்கு மாதங்கள் கழித்து வந்த பதில்: (அ) இல்லை. (ஆ) ஆம், நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. (இ) எழவில்லை.

அவ்வளவுதான். அமைச்சர் எழுந்து உட்கார முப்பது விநாடி ஆகியிருக்காது. "எழவில்லை", அதாவது அந்தக் கேள்விக்கே இனி இடமில்லை. இந்தச் சொல்லை நீங்கள் சபைப் பேச்சுகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டில் ஆயிரம் இடத்தில் பார்ப்பீர்கள். முன்னால் உள்ள பகுதிக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்ல முடிந்துவிட்டால், மிச்சமெல்லாம் "எழாது". அமைச்சர் "ஆம்", "இல்லை" என்று தலையை ஆட்டித் தப்பக்கூடிய கேள்வியை எழுதாதீர்கள். பதிலாக ஒரு எண்ணைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாதபடி எழுதுங்கள்.

ஒரு துண்டிலிருந்து தொடங்குங்கள்

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். காலி வீதி பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து 177இல் பத்தரமுல்லைப் பக்கம் உள்ள அலுவலகம். ஆனால் என் கேள்விகளில் பாதி பிறந்தது மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தங்கை இன்னும் எடுக்கிறாள். அவள் மாதா மாதம் சம்பளத் துண்டை வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவாள், நான் கேட்காமலே.

2025ஆம் ஆண்டின் ஒரு மாதத் துண்டை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் என்று பிடித்தால் 33,750. மேடையில் சொல்லப்படும் கணக்கு இது. தங்கையின் துண்டில் இருந்தது வேறு: 19 முழுப் பேர், 4 அரைப் பேர். மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு: செக்ரோல் என்ற தோட்டத்து வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் வேலை பதிவானால் அது ஒரு "பேர்". சொன்ன கிலோ எடுக்காவிட்டால் "அரைப் பேர்". ஆக 19 தரம் 1,350, அது 25,650. நாலு அரைப் பேருக்கு 2,700. மொத்தம் 28,350. மேடைக் கணக்குக்கும் துண்டுக்கும் இடையில் 5,400 ரூபா காணாமல் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, கோயில், தேயிலைத்தூள், அட்வான்ஸ் என்று கீழே கீழே இறங்கும்.

நாட்சம்பளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 1,000 ரூபா, 1,700 ரூபா, 1,750 ரூபா என்று ஒரு எண்ணைத் தூக்கிப்பிடித்துச் சண்டை நடக்கும். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப் பேர் என்று சபையில் கேட்டவர்கள் குறைவு. அந்தத் துண்டை மேசையில் வைத்துக்கொண்டு எழுதிய கேள்வி இப்படி வந்தது:

"(அ) நுவரெலியா மாவட்டத்தில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் குறித்த மாதத்தில்,
(1) பெயர்ப்பதிவில் இருந்த தொழிலாளர்களின் எண்ணிக்கை,
(2) தோட்ட நிர்வாகம் வேலை வழங்கிய நாட்களின் எண்ணிக்கை,
(3) முழு நாட்சம்பளம் செலுத்தப்பட்ட ஆள்நாட்களின் எண்ணிக்கை,
(4) அரைநாள் சம்பளம் செலுத்தப்பட்ட ஆள்நாட்களின் எண்ணிக்கை
என்பவற்றை வெவ்வேறாக அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) இன்றேல், ஏன்?"

வறுமை இல்லை, வாட்டம் இல்லை, கண்ணீர் இல்லை. இதை முதலில் வாசித்த சேர், "பிள்ளை, இதில ஒரு உணர்ச்சியும் இல்லையே" என்றார். உணர்ச்சி பதிலில் வரும், பொறுங்கள் என்றேன். இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல வழியில்லை. "எழவில்லை" என்றும் சொல்ல வழியில்லை. ஒன்று எண்கள் வர வேண்டும், அல்லது அந்த எண்கள் தங்களிடம் இல்லை என்று அமைச்சு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வந்தால் எங்களுக்கு அது முதலாவதை விடப் பெரிய லாபம்.

சம்பளத்தில் இன்னொரு மூலையும் இருக்கிறது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வருகைக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசாங்கமே கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். ஆக 1,750. நல்லது. நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு விடயம்: அந்த 200 ரூபாவுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுமா? தொழிலாளியின் 8, முதலாளியின் 12, சேர்த்து 20 வீதம். 200க்கு 40 ரூபா. 25 நாளைக்கு ஆயிரம் ரூபா. ஒரு தொழிலாளியின் பெயரில் மாதம் ஆயிரம் ரூபா விழுமா விழாதா என்பது "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் சொல்லிப் போகக்கூடிய கேள்வி அல்ல.

தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வந்தால் இதே வித்தையைத் தேசிய ஆகக் குறைந்த சம்பளத்துக்குப் பயன்படுத்தலாம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கியது. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. சட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போகிறது. புறக்கோட்டைப் பிரதான வீதியில் உடுப்புக் கடையில் காலையிலிருந்து நிற்கும் பிள்ளையிடமும், கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக்கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் காவலாளியிடமும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் தொழில் அமைச்சருக்கு எழுதுங்கள்: கொழும்பு மாவட்டத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் கடந்த வருடம் பரிசோதிக்கப்பட்ட நிறுவனங்கள் எத்தனை, தொடரப்பட்ட வழக்குகள் எத்தனை, அறவிட்ட நிலுவைச் சம்பளம் எவ்வளவு? "சம்பளம் போதுமா" என்று கேட்டால் விவாதம் வரும். இப்படிக் கேட்டால் அட்டவணை வரும்.

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் கேள்வியைக் கொன்றுவிடும்

எந்த அமைச்சர் என்பதைச் சரியாகப் பிடியுங்கள். நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை தொழில் திணைக்களத்தின் கீழ் வருவது. தோட்டம் பெருந்தோட்ட அமைச்சின் கீழ் வருவது. சீனியின் வரி நிதி அமைச்சு, சீனியின் விலை வர்த்தக அமைச்சு. மாறி அனுப்பினால் "இவ்விடயம் எனது அமைச்சின் விடயப்பரப்புக்குள் வராது" என்ற ஒற்றை வரியோடு உங்கள் ஆறு மாதம் போய்விடும். அரசாங்கம் மாறும்போதெல்லாம் அமைச்சுக்களின் பொறுப்புகளைப் பங்கிட்டு வர்த்தமானி, அதாவது அரசாங்க அறிவித்தல் இதழ், வரும். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் சுவரில் ஒட்டிய நாடாவுக்கு மேல் நாடாவாக நாலு அரசாங்கம் இருக்கிறது.

கேள்விக்குள் அபிப்பிராயம், குற்றச்சாட்டு, "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்ற ஊகம் எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விடயமும் கூடாது. 2024இல் நாட்சம்பளத்தை 1,700 ரூபா ஆக்கிய வர்த்தமானிக்கு எதிராகக் கம்பனிகள் வழக்குப் போட்டு, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தபோது, எங்கள் கோப்பில் அதைப் பற்றி மூன்று கேள்வி எழுதி இருந்தது. மூன்றையும் கிழிக்கவில்லை. 1,700 என்ற எண்ணை எடுத்துவிட்டு, தொழில் அதிகாரிகள் எத்தனை தோட்டத்துக்குப் போனார்கள் என்று மாற்றினேன்.

இனி என் சொந்த மானம் போன கதை. 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வந்தது. ஊரெல்லாம் ஆயிரம், பத்திரிகையெல்லாம் ஆயிரம். நானும் "அடிப்படை நாட்சம்பளமான 1,000 ரூபா" என்று சேருக்கு எழுதிக் கொடுத்தேன். வர்த்தமானியைத் திறந்து பார்க்கவில்லை. அதில் இருந்தது 900 ரூபா நாட்சம்பளம், 100 ரூபா வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி. அமைச்சர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அடிப்படை எது, படி எது என்று சேருக்குப் பாடம் எடுத்தார். பின்வரிசை மேசை தட்டியது. நாங்கள் கேட்க வந்தது வேலை நாட்கள் குறைக்கப்பட்டதைப் பற்றி. அதை அன்று யாரும் பேசவில்லை. சேர் வெளியே வந்து என்னைத் திட்டவில்லை. "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கேள்வியில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூலப் பத்திரத்தின் நகல் கோப்பில் இருக்க வேண்டும். பத்திரிகை நறுக்கு நகல் ஆகாது. வர்த்தமானி என்றால் வர்த்தமானி, சட்டம் என்றால் சட்டம்.

வர்த்தகம்: தேதியைப் பிடியுங்கள்

வர்த்தகக் கேள்விகளில் புதியவர்கள் செய்யும் தவறு, கொள்கையைக் கேட்பது. "உள்நாட்டு உற்பத்தியாளரைப் பாதுகாக்க என்ன செய்வீர்கள்?" இதற்கு அமைச்சர் இருபது நிமிடம் பேசுவார், சந்தோஷமாகப் பேசுவார்.

இறக்குமதி வரி விஷயத்தில் எல்லாம் தேதியில்தான் இருக்கிறது. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறங்கியது. கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இதைப் பற்றி எத்தனை ஆவேசப் பேச்சு பேசினாலும், பேசியவரின் குரல் மட்டும்தான் மிஞ்சும். நிதானமாகக் கேட்டால்: அந்தத் திகதிக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் சுங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சீனி எத்தனை கிலோ? இறக்கியவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எவ்வளவு? பழைய வரி இருந்திருந்தால் திறைசேரிக்கு எவ்வளவு வந்திருக்கும்? அதே நாட்களில் புறக்கோட்டை மொத்த விலை என்ன? ஐந்து பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் யாரையும் குற்றம்சாட்டத் தேவையில்லை.

விலையைத் தெரிந்துகொள்ள மத்திய வங்கியின் விலை அறிக்கை இருக்கிறது, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இருக்கிறது. நான் அதோடு நிறுத்துவதில்லை. புறக்கோட்டையில் நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் காலை ஏழரைக்குப் போய் நிற்பேன். அங்கே ஒரு கடையில் எனக்கு வாடிக்கை. கணக்குப்பிள்ளை ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன தங்கச்சி, இன்றைக்கு பாராளுமன்றத்தில் வெங்காயமா பருப்பா?" என்பார். லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமைகளுக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது என்பது சில வேளை அமைச்சுக்குத் தெரிவதற்கு முன் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேள்வியில் போட முடியாது. எங்கே தோண்டுவது என்று காட்டுவார்கள், அது போதும்.

வரி குறைக்கும், கூட்டும் வர்த்தமானிகள் நள்ளிரவில் வரும், ஆனால் பாராளுமன்றத்தைத் தொடாமல் போக முடியாது. இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் விசேட வியாபாரப் பண்ட வரிக் கட்டளைகளும் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு வரும். எதிர்க்கட்சியின் ஹர்ஷ டி சில்வா தலைமை வகித்த குழு அது. உங்கள் எம்.பி. அந்தக் குழுவில் இருந்தால் சபையில் கேட்பதற்கு முன் குழுவில் கேளுங்கள். குழுவில் அமைச்சர் இல்லை, அதிகாரி இருப்பார். அதிகாரிக்குக் கைதட்டத் தெரியாது, கோப்பைப் புரட்டத்தான் தெரியும்.

அமெரிக்க வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், ஜூலையில் 30 ஆயிற்று, ஓகஸ்ட்டில் 20இல் நின்றது. பேச்சுவார்த்தை நடக்கும்போது "என்ன பேசினீர்கள்" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை, நடந்துகொண்டிருக்கிறது என்பார்கள். நான் வேறு பக்கத்தால் போவேன். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை, மாதவாரியாக, ஏப்ரலுக்கு முன்னும் பின்னும். வேலை போனதா இல்லையா என்று இரண்டு தரப்பும் கத்தலாம். முதலாளி கட்டிய பணம் கத்தாது.

செலவு: மூன்று நிரல்

வரவுசெலவுத் திட்டத்தின் மதிப்பீட்டுப் புத்தகம் தடித்தது, தலையணைக்கும் உதவாது. ஆனால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு தலைப்பு இலக்கம், உள்ளே வருடா வருடம் வரும் மீண்டெழும் செலவு ஒரு பக்கம், மூலதனச் செலவு ஒரு பக்கம். முதல் வாரம் ஒரே ஒரு திணைக்களத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள்.

கேள்வி எழுதும்போது மூன்று நிரல் கேளுங்கள்: ஒதுக்கியது எவ்வளவு, திறைசேரி விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு. அமைச்சர்கள் எப்போதும் முதல் நிரலைத்தான் சொல்வார்கள். "மலையக வீட்டுக்கு இத்தனை மில்லியன் ஒதுக்கியுள்ளோம்." ஒதுக்கியது காகிதம். விடுவித்தது காசு. செலவானதுதான் கூரை. ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்கி, அடுத்த அமர்வில் விடுவிப்பைக் கேட்டு, அதற்கடுத்து செலவைக் கேட்டால் மூன்று வருடம் ஓடிவிடும். ஒரே கேள்வியில் மூன்றும்.

தலைப்பு 240 என்று ஒன்று இருக்கிறது, தேசிய வரவுசெலவுத் திட்டத் திணைக்களம். வருடத்தின் நடுவில் எதிர்பாராத தேவை வந்தால் அங்கிருந்து மற்ற தலைப்புகளுக்குக் காசு மாற்றுவார்கள். மாற்றியதைக் காரணத்தோடு பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒதுக்கீட்டுச் சட்டமே சொல்கிறது. அந்த அறிவித்தல்கள் சபாபீடத்தில், அதாவது சபையின் மேசையில், வைக்கப்படும், ஒருவரும் பார்ப்பதில்லை. பாருங்கள். வாகனம் திருத்தியது, வெளிநாடு போனது, வழக்குக்குக் கட்டியது எல்லாம் அங்கே ஒவ்வொரு வரியாக உட்கார்ந்திருக்கும். எனக்கு இதை வாசிப்பது தீபாவளிப் பலகாரம் மாதிரி.

ஒதுக்கியது போதாமல் மேலதிகமாகக் கேட்கும் குறைநிரப்பு மதிப்பீடு வரும்போது இன்னும் கவனம் வேண்டும். டித்வா புயலுக்குப் பிறகு, 2025 டிசம்பரில் 500 பில்லியன் ரூபாவுக்கு ஒன்று நிறைவேறியது. புயலில் வீடிழந்தவர்களுக்கான காசைக் கேள்வி கேட்கிறாயா என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இப்படியான நேரத்தில் வாயை மூடிக்கொள்வதுண்டு. என் அபிப்பிராயம், அதற்காகவே கேட்க வேண்டும். எந்தப் பிரதேச செயலகத்துக்கு எவ்வளவு போனது, எந்தத் திகதியில் போனது என்று. வீடிழந்தவர்கள்தான் முதலில் அந்தப் பதிலை வாசிப்பார்கள்.

"ஐ.எம்.எப். விடாது", சர்வதேச நாணய நிதியம் விடாது, என்ற பதில் 2023இலிருந்து எல்லா அமைச்சுக்கும் பழகிவிட்டது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைச் சட்டம் வட்டி நீங்கிய செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. அது மொத்தத் தொகைக்கான கடிவாளம். அதற்குள் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது அமைச்சரவையின் கையில். ஆகவே மொத்தத்தைக் கேட்காதீர்கள், தலைப்பு இலக்கத்தோடு கேளுங்கள். ஐ.எம்.எப். ஒரு பாடசாலை மலசலகூடத்தை வெட்டியதாக யாரும் சொல்ல முடியாது.

அந்த நாள் காலை

சபை ஒன்பதரைக்குக் கூடும். மேசையில் இருக்கும் கேள்வி ஏற்கெனவே மூன்று மொழியிலும் அச்சானது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் வேலை இடையீட்டுக் கேள்விகள், அதாவது பதிலைக் கேட்டதும் எம்.பி. எழுந்து கேட்கும் தொடர் கேள்விகள். குறைந்தது இரண்டு எழுதி எம்.பி.யின் சட்டைப் பைக்குள் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம்.

ஒரு வாக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் கேட்பது எம்.பி.யின் அரசியலமைப்பு உரிமை, 20ஆம் உறுப்புரை. எங்கள் சேர் அதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் அச்சில் இல்லாத இடையீட்டுக் கேள்வி மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாகத்தான் அமைச்சரின் காதுக்குப் போகும். நாலு வாக்கியமும் ஒரு பழமொழியும் சேர்ந்தால் மறுமுனையில் என்ன வந்து விழும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எண்ணை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். "ஆயிரத்து… முந்நூற்று… ஐம்பது."

பார்வையாளர் கூடத்தில் இருக்க இடம் கிடைத்தால் அமைச்சரைப் பார்க்காதீர்கள், அதிகாரிகள் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். இடையீட்டுக் கேள்வி கேட்டதும் அங்கே ஒருவர் துண்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினால் பதில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தால் இல்லை. ஒருமுறை ஒரு அதிகாரி தன் கோப்பை மெல்ல மூடி வைத்ததைப் பார்த்தேன். அடுத்த விநாடி அமைச்சர், "கௌரவ உறுப்பினருக்கு அந்த விபரத்தைப் பின்னர் சமர்ப்பிக்கிறேன்" என்றார். பேச்சைவிட அந்தக் கோப்பு மூடிய சத்தம்தான் எனக்குக் கேட்டது.

எம்.பி. கோபப்படாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புத்தான், அது எழுதிச் சொல்லித்தர முடியாத கலை. சேருக்கு நான் கேள்வித் தாளின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு தேநீர்க் கோப்பை வரைந்து வைப்பேன். 2021க்குப் பிறகு வந்த வழக்கம். பார்த்தால் அவருக்குப் புரியும்.

அவசரமான விடயம் என்றால் ஒழுங்குப் பத்திரத்தில் வரிசையில் நிற்க நேரமில்லை. நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் எதிர்க்கட்சித் தலைவரோ கட்சித் தலைவரோ கேட்கலாம். உங்கள் எம்.பி. தலைவர் இல்லை என்றால் தலைவரின் அலுவலகத்தில் ஒருவரைச் சிநேகிதம் பிடித்து வையுங்கள். கேள்வியைக் கொடுத்துவிட்டுப் பெயருக்கு ஆசைப்படக் கூடாது.

அவகாசம் கேட்டால்

பெரும்பாலான நாட்களில் நடப்பது: அமைச்சரோ அவருக்குப் பதிலாக இன்னொருவரோ எழுந்து, இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்பார். சபாநாயகர் கேள்வியைப் பின்போடுவார். புதிய பிள்ளைகள் இங்கே சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை, எண்ணத் தொடங்க வேண்டும். என்னிடம் நீலமட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். கொடுத்த திகதி, முதல் தடவை வந்த திகதி, அவகாசம் கேட்டவர், கேட்ட நாட்கள். ஒரு பக்கத்தில் ஐந்து அவகாசம் சேர்ந்தால், ஆறாவது தடவை சேர் கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்தத் திகதிகளை வரிசையாக வாசிப்பார். அதுவும் ஹன்சாட்டில் ஏறும்.

காத்திருக்கும் நேரத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே தகவலுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள், எம்.பி.யின் பெயரில் அல்ல, சாதாரணப் பிரசையாக. திணைக்களம் 14 வேலை நாளுக்குள் தருமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இரண்டு வழியாலும் வந்த பதில் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த கேள்வி அங்கேயே எழுதிக் கிடக்கிறது.

பதில் நீளமானால் அமைச்சர் வாசிக்க மாட்டார், "சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார். நேரலையில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அன்று பின்னேரமே போய் அந்த இணைப்பின் பிரதியை வாங்குங்கள், தாமதிக்க வேண்டாம். பேர், அரைப் பேர் கேள்விக்கு இப்படித்தான் ஒரு இணைப்பு கிடைத்தது. தோட்டவாரியான அட்டவணை. மூன்றாம் நிரல் நிரம்பியிருந்தது. நான்காம் நிரலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: "தரவு இல்லை."

தங்கையின் துண்டில் இருக்கும் தரவு அமைச்சிடம் இல்லை. அடுத்த கேள்வியின் (அ) பகுதியை அந்த அட்டவணையின் பின்பக்கத்திலேயே, 177 பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினேன்.